பயிற்சி முடிச்சும் கிளாஸ்ல ஒண்ணும் ஓடல – பதில்

மேடம், நீங்க எழுதினத படிச்சேன். மூணாங்கிளாஸ்ல 28 பிள்ளைங்க, அதுல எட்டு பேருக்கு எழுத்துக்கூட்டவே வரல, குறுவள மையத்துல (சுத்துவட்டார ஸ்கூல் டீச்சருங்களுக்கு பயிற்சி நடக்குற எடம்) பயிற்சி முடிச்சு வந்தும் ஒண்ணும் ஓடலன்னு. 2022ல சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத படிக்க, கணக்கு போட சொல்லிக்குடுக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப எனக்கும் இதே கததான், பிள்ளைங்க நிலைய வச்சு கீழ இருந்து மேல அரும்பு மொட்டு மலர்னு பிரிச்ச மூணு குரூப்பையும் ஒரே நேரத்துல ஓட்டப் பாத்து தொண்ட போனதுதான் மிச்சம்.

மொதல்ல அந்த எட்டு பேரையும் ஒரே அரும்புன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு பக்கத்துல உக்காரவச்சு ரெண்டு நிமிஷம் படிக்க விடுங்க. என் கிளாஸ்ல ஒரு பையன் பாட்டு பக்கத்துல விரல வச்சு கடகடன்னு படிப்பான், நடுவுல ஒரு வார்த்தைய மட்டும் தனியா காட்டி கேட்டா முழிப்பான், அத்தனையும் மனப்பாடம். இன்னொருத்திக்கு எழுத்தெல்லாம் தெரியும், கொம்பு வந்தா மட்டும் தடுமாறுவா, கெ எது கே எதுன்னு தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே பக்கத்த குடுத்து என்ன பண்ண?

நீங்க ஒவ்வொருத்தரா படிக்க விடுற நேரத்துல மலர் பிள்ளைங்களுக்கு கத படிச்சு ரெண்டு கேள்வி எழுதச் சொல்லிடுங்க, சத்தம் தானா கொறையும். பயிற்சில சொன்ன அத்தன செயல்பாடும் வேணாம், ஒண்ண எடுத்து ரெண்டு வாரம் விடாம பண்ணுங்க. ஆசிரியர் பயிற்றுநர் விசிட் வந்தா ரெஜிஸ்டர நீட்டாம (கேப்பாங்க, அது வேற) அந்த பிள்ளைங்க கூட பத்து நிமிஷம் உக்காரச் சொல்லுங்க.

அப்புறம், யாராவது போர்டுகிட்ட வந்தா மட்டும் படிக்கிறாங்களா? கண்ண செக் பண்ணச் சொல்லுங்க.