டிஸ்கஸ் வளர்க்கலாம், ஆனால் இந்தத் தொட்டியில் இப்படியே வேண்டாம்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, வீட்டில் மூன்றடித் தொட்டி இருக்கு. கப்பி, மோலி, ரெண்டு கோல்டு பிஷ், ஒரு ஜோடி ஏஞ்சல், ஒரு சக்கர் எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கு. கிணத்துத் தண்ணிதான் ஊத்துறோம். இதுல ரெண்டு டிஸ்கஸ் விடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஹீட்டர் மாட்டி, பி.எச். குறைக்கிற மருந்து ஊத்தினா போதும்னு கடையில சொல்றாங்க. விடலாமா?"

விடாதீர்கள் தம்பி. தட்டு மாதிரி வட்டமான அந்த அமேசான் மீனை வளர்க்கிற ஆசையையே விட்டுவிடச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஓடுகிற தொட்டியில் டிஸ்கஸ்ஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற யோசனைதான் தப்பு. முதலில் டிஸ்கஸ்ஸுக்கென்று தொட்டியை அமைக்க வேண்டும், அப்புறம் அந்தச் சூட்டையும் அந்தத் தண்ணீரையும் தாங்குகிற வேறு சில மீன்களை அதோடு சேர்க்கலாம். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் மீன் கறுத்துப்போய் ஒரு மூலையில் நிற்கிறது, பிறகு மருந்து மாற்றி மருந்து ஊற்றுகிறார்கள்.

இப்போது உங்களிடம் இருக்கிற மீன்களைப் பார்ப்போம். கோல்டு பிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், டிஸ்கஸ்ஸுக்கு வேண்டியதோ 28 முதல் 30 டிகிரி. இரண்டுக்கும் ஒரே தொட்டி என்றால் ஒன்று கஷ்டப்பட்டே ஆக வேண்டும். மோலிக்கும் கப்பிக்கும் சுண்ணாம்புச் சத்து கூடிய கடினத் தண்ணீர் பிடிக்கும், டிஸ்கஸ்ஸுக்கு அது குறைந்த மென்தண்ணீர். ஏஞ்சல் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அதுவும் அமேசான் பக்கத்து மீன், டிஸ்கஸ்ஸுக்கு உறவுக்காரன், தண்ணீரும் ஒத்துப்போகும். ஆனால் ஏஞ்சல் பாய்ந்து பாய்ந்து தின்னும், டிஸ்கஸ் நின்று யோசித்துத் தின்னும். அதோடு ஏஞ்சல் தனக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்து திரிகிற குடல், செவுள் ஒட்டுண்ணிகள் டிஸ்கஸ்ஸுக்குத் தொற்றினால் ஆளையே சாய்த்துவிடும்.

கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு திரிகிற சக்கர்தான் இதில் மோசம். டிஸ்கஸ்ஸின் உடம்பை மூடியிருக்கிற வழவழப்பு இருக்கிறதே, அது வெறும் பிசின் இல்லை. குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் தங்கள் உடம்பில் ஊறுகிற அந்தச் சளிப் படலத்தைத்தான் குஞ்சுகளுக்கு முதல் உணவாகக் கொடுக்கும், மீன் இனத்தில் இது அபூர்வம். நோய்க்கிருமி உள்ளே போகாமல் காப்பதும் அதுதான். சாதாரண சக்கர் ராத்திரி டிஸ்கஸ்ஸின் அகலமான பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அந்தப் படலத்தை உறிஞ்சி எடுக்கும், காலையில் பார்த்தால் மீனின் மேல் வட்ட வட்டமாகத் தழும்பு. சக்கரை எடுத்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஊர்க் குளத்திலோ குழித்துறை ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். ஓர் அடிக்கு மேல் வளரும், கரையைக் குடைந்து பெருகும், நாட்டு மீனின் இரையைத் தின்று தீர்க்கும், அதைப் பிடித்து ஒழிக்க யாராலும் முடியாது.

சரி, தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்தால் விளிம்பு வரை சுமார் 160 லிட்டர். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டராவது வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் தொட்டியில் மூன்று, நான்குக்கு மேல் வாழாது, அவற்றுக்கும் நெருக்கடிதான். இரண்டு மட்டும் விடலாமே என்பீர்கள். அதுதான் கூடவே கூடாது. இவை கூட்டமாக வாழ்கிற மீன்கள், கூட்டத்துக்குள் பெரியவன் சின்னவன் என்று ஒரு வரிசை எப்போதும் இருக்கும். இரண்டே இருந்தால் பெரியது நாள் முழுக்கச் சின்னதையே விரட்டும், சின்னது தின்னாமல் கறுத்து இளைத்துச் சாகும். ஐந்தாறு இருந்தால் அந்த அடி பங்காகிப் போய்விடும். எனவே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது 250 லிட்டர், அதில் ஆறு மீன். இவ்வளவு இடமும் காசும் இப்போது இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். மூன்றடித் தொட்டியை டிஸ்கஸ் குஞ்சுகளைப் பழக்கும் தொட்டியாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் செம்மண்ணும் செங்கல் நிறப் பாறையும் கிடக்கிற இடத்துக் கிணற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையாகவும் கொஞ்சம் அமிலப் பக்கமாகவும் இருக்கும், டிஸ்கஸ்ஸுக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதுதான். மணக்குடி, ராஜாக்கமங்கலம் போன்ற கடலோரத்து ஆட்கள்தான் பாடுபட வேண்டும், உப்பு ஏறிய தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து இறக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள், 100 முதல் 300 வரை இருந்தால் பண்ணையில் பிறந்த மீனுக்குப் போதும். பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், குறைந்தால் அமிலம்) குறைக்கிற மருந்து வேண்டவே வேண்டாம். இன்று கடைகளில் கிடைப்பவை பல தலைமுறையாகப் பண்ணைத் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை, 6-லிருந்து 7.5 வரை எதுவானாலும் பழகிக்கொள்ளும். ஆனால் இன்று 6.2, நாளைக்கு 7.4 என்று ஆடினால் தாங்காது. மென்தண்ணீரில் அந்த மருந்தை ஊற்றினால் நடப்பது இந்த ஆட்டம்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கிணறோ போரோ, மேலே இறைத்த உடனே தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அப்போது பி.எச். குறைவாகக் காட்டும், காற்று பட்ட பிறகு ஏறும். அதனால் ஒரு பெரிய டிரம்மில் பிடித்து ஒரு நாள் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள், அதுதான் உண்மை அளவு. மாற்றுவதற்கும் அந்த டிரம் தண்ணீரையே எடுங்கள். மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், குளோரின் செவுளை வேகவைத்துவிடும். அந்த வாரங்களில் ஆன்டி குளோரின் சேர்க்காமல் ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள்.

தொட்டியை அமைத்து ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா உண்டாகத் தினமும் கொஞ்சம் தீனி மட்டும் போட்டு வாருங்கள், நான்கு முதல் ஆறு வாரம் டிஸ்கஸ் வாங்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். உங்கள் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கொண்டுவந்தால் சீக்கிரம் முடியும் என்பார்கள், உண்மைதான், ஆனால் ஏஞ்சலின் ஒட்டுண்ணியும் அதோடு வரும், வேண்டாம்.

ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தேவை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் ராத்திரித் தண்ணீர் டிஸ்கஸ்ஸுக்குத் தேவையான சூட்டுக்குக் கீழே போய்விடும். 250 லிட்டருக்கு 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு மாட்டுங்கள், ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால்கூட மீன் வெந்துபோகாது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, நினைவிருக்கும். அப்படி நேர்ந்தால் தீனியை நிறுத்துங்கள், தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டுங்கள், கனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா ஃபில்டர்) பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓடவிட வேண்டும்.

அலங்காரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கன்னியாகுமரியில் வாங்கிய சங்கு, சிப்பி, பவளத் துண்டு, கடற்கரை மணல் எதையும் உள்ளே போடாதீர்கள். அந்தச் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நல்ல கிணற்றுத் தண்ணீரைக் கடினமாக்கிவிடும். கட்டை ஒன்று, நாட்டு வாதாம் மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த இலை நாலைந்து, இது போதும். தண்ணீர் லேசான டீ நிறமாகும், மீனுக்கு அது இதம்.

மீன் வாங்கும்போது இரண்டு அங்குலக் குஞ்சு மலிவு என்று போகாதீர்கள். அதற்கு ஒரு நாளைக்கு நாலைந்து முறை தீனி, கிட்டத்தட்ட தினமும் தண்ணீர் மாற்றம். மூன்றரை, நான்கு அங்குல மீன் ஆறை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி நின்ற மீன். கடைக்காரரை உங்கள் முன்னாலேயே தீனி போடச் சொல்லுங்கள், முன்னால் வந்து தின்னாத மீனை எடுக்காதீர்கள். கழிவு வெள்ளை நூல் மாதிரி இழுபட்டால் குடலில் ஒட்டுண்ணி என்று சந்தேகப்பட வேண்டும்.

தீனிக்கு டிஸ்கஸ் குருணை, உறைந்த பிளட் வார்ம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம். குளச்சல் இறாலை ஓடு உரித்துக் கழுவி, கொழுப்பு நீக்கிய மாட்டு இதயத்தோடு அரைத்துத் தட்டையாக உறையவைத்துத் துண்டு துண்டாகப் போடுவதுதான் எனக்குப் பிடித்த தீனி, சதை நன்றாக ஏறும். மிச்சம் கால் மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. சாக்கடையில் பிடிக்கிற டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஹீட்டரை அணைத்துவிட்டு, ஊற்றுகிற தண்ணீரின் சூடும் அதேதானா என்று பார்த்துவிட்டு. மீன் கறுத்தால் முதல் மருந்தும் இதுதான்: தண்ணீர் மாற்று, தெர்மாமீட்டரைப் பார், யார் யாரை விரட்டுகிறது என்று கவனி. இரண்டு நாளில் தெளியாமல் தின்னவும் மறுத்தால் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அப்புறம் மருந்தை யோசிக்கலாம்.

ஆறும் முன்னால் வந்து தைரியமாகத் தின்னத் தொடங்கிய பிறகு துணை மீன்கள். கார்டினல் டெட்ராவோ ரம்மி நோஸ் டெட்ராவோ பதினைந்து, கீழே மேய ஸ்டெர்பாய் கோரிடோராஸ் ஆறு. இவை 29 டிகிரியைத் தாங்கும். நியான் டெட்ரா பார்க்க கார்டினல் மாதிரியே இருக்கும், ஆனால் அந்தச் சூடு அதற்கு ஆகாது, கடையில் கேட்டு வாங்குங்கள். இவற்றையும் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே விட வேண்டும், அதற்கு உங்கள் மூன்றடித் தொட்டியைக் காலி செய்து கழுவிக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.