யார் வீட்டு விளக்கு அணையும்?

கேள்வி: அணுகுண்டைக் காட்டி மிரட்டும் வடகொரியாவுடன் பேச்சுவார்த்தை எதற்கு? எண்ணெய், உணவு, மருந்து எல்லாவற்றையும் நிறுத்தினால் ஒரே மாதத்தில் அந்தச் சர்வாதிகாரி பணிந்துவிட மாட்டாரா?
– வாசகர் ஒருவர், விசுவமடு.

பதில்: கேள்வி விசுவமடுவிலிருந்துதான் வந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தபால் முத்திரையை மறுபடி பார்த்தேன். 1990களில் இலங்கை அரசு போட்ட பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், பற்றரி, உரம், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் நம் வன்னி தவம் கிடந்ததே, அப்போது எங்கே இருந்தீர்கள்? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். போத்தல் விளக்கின் புகையில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். நாலு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். தடை போட்டவர்கள் குறிவைத்தது ஆயுதம் வைத்திருந்தவர்களை. அவர்களுடைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நின்றுபோனது தோட்டக்காரனின் நீரிறைக்கும் இயந்திரம்.

நீங்கள் சொல்லும் பட்டினி வடகொரியா பார்க்காததல்ல. 1990களின் நடுவில் வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஆட்சி அசையவில்லை. 2006இல் முதல் அணுச் சோதனை, 2017க்குள் ஆறு. ஐ.நா. தடைகளும் கூடவே இறுகின. ஆனால் அந்நாட்டின் வெளிவணிகத்தில் மிகப் பெரும்பங்கு சீனாவோடு. தன் எல்லையில் ஒரு நாடு நொறுங்கி அகதிகள் திரண்டு வருவதைச் சீனா விரும்பாது. சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றுப் பாலம் திறந்திருக்க, முன்வாசலுக்கு எத்தனை பூட்டுப் போட்டு என்ன? அடித்தே முடிக்கலாம் என்றால், தென்கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஷெல் என்றால் என்னவென்று வன்னியில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

பேச்சையும் வல்லரசுகளே கெடுத்துவைத்திருக்கின்றன. 2003 டிசம்பரில் லிபியாவின் கடாபி அணுத் திட்டத்தைக் கைவிட்டார். 2011இல் நேட்டோ விமானங்கள் அவருடைய படைகள்மீது குண்டு வீசின. அக்டோபரில் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டுச் செத்தார். கடாபிக்காக நான் அழவில்லை. ஆனால் ஆயுதத்தைக் கொடுத்தவனுக்கு இதுதான் கதி என்று வடகொரியா அந்த ஆண்டிலேயே சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டது.

தடை பலித்த இடமும் உண்டு: தென்னாப்பிரிக்கா. 1977இல் ஐ.நா. ஆயுதத் தடை, 1985இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தது, எல்லாம் சேர்ந்து நிறவெறி ஆட்சியை நெருக்கின. அங்கே தடை வேண்டும் என்று கேட்டவை கறுப்பின மக்களின் இயக்கங்களே. உள்ளே வேலைநிறுத்தம் செய்யத் தொழிற்சங்கங்களும் இருந்தன. வடகொரியாவில் வாய் திறக்க யார் இருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், ஆயுதக் கொள்வனவையும் ஆளும் குடும்பத்தின் வெளிநாட்டுப் பணத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தென்கொரியாவின் காவல் தளரக் கூடாது. பேச்சு மேசையை மடித்துவைக்கவும் கூடாது. ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இதில் ஒன்றுகூட இல்லை.

மருந்தையும் நிறுத்தச் சொல்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை, 2009இல் மருந்தில்லாத ஆஸ்பத்திரித் தரையில் கிடந்து பிழைத்த யாரிடமாவது வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.