போறப்ப 10 மணி நேரம், வர்றப்ப 12 மணி நேரம்

கேள்வி: டோக்கியோல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் எவ்வளவு தூரம்? ஜனவரி டிக்கெட்ல சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி அதே தேதி காலைல 10 மணிக்கு இறங்குதுன்னு இருக்கு. திரும்பி வர்றப்ப மதியம் 12 மணிக்குக் கிளம்பி மறுநாள் சாயங்காலம் 5 மணிக்கு இறங்குது. தப்பா போட்டுட்டாங்களா, இல்ல பூமி சுத்துறதாலயா?

பதில்: டிக்கெட் சரிதான், பயப்படாதீங்க. தூரம் சுமார் 8,800 கி.மீ. ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைல இருக்கறதால மேப்ல பார்த்தா நேரா கோடு போட்ட மாதிரி போனா போதும்னு தோணும், ஆனா அப்படிப் போனா 500 கி.மீ. கூடிடும். ஒரு குளோப் எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் தானா வடக்க ஏறி அலாஸ்கா தீவுகளுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போய் இறங்கும், அதுதான் குறுக்கு வழி.

இப்ப நேரம். குளிர்காலத்துல டோக்கியோ கடிகாரம் 17 மணி நேரம் முன்னாடி ஓடுது. அதனால ரெண்டு நேரத்தையும் முதல்ல ஒரே ஊர் கணக்குக்கு மாத்திடுங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல காலை 10னா டோக்கியோல மறுநாள் விடிகாலை 3 மணி, அப்ப பயணம் 10 மணி நேரம். திரும்பறப்ப இதே மாதிரி போட்டா 12 வரும். (மார்ச்சுல இருந்து நவம்பர் வரை அமெரிக்காவுல கடிகாரத்தை மாத்திடுவாங்க, அப்ப வித்தியாசம் 16 மணி நேரம்தான்.)

அந்த 2 மணி நேர வித்தியாசத்துக்குப் பூமி சுத்துறது நேரடிக் காரணம் இல்ல, ஏன்னா பூமியோட சேர்ந்து காத்தும் சுத்துது, விமானம் அந்தக் காத்துக்குள்ளதான் பறக்குது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம், சுமார் 10 கி.மீ. உயரத்துல மேற்கருந்து கிழக்க ஓடுற காத்தாறு (டோக்கியோல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போறதும் பசிபிக் கடல் மேல கிழக்கப் பார்த்துதான்), குளிர்காலத்துல ஜப்பான் மேல மணிக்கு 200 கி.மீ.க்கு மேலயும் அடிக்கும். விமானம் காத்துல மணிக்கு 900 கி.மீ. போகுதுன்னு வைங்க, வழி நெடுக சராசரியா 100 கி.மீ. காத்து பின்னாடி இருந்து தள்ளினா 8.8 மணி நேரம், எதிர்த்து அடிச்சா 11. இதை முதல்ல அளந்து பார்த்தவங்கள்ல ஒருத்தர் ஜப்பான் வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓயிஷி, டோக்கியோவுக்கு வடகிழக்க தாதேனோங்கற இடத்துல 1920கள்ல பலூன் விட்டுப் பார்த்தார், உலகம் பூரா படிக்கணும்னு ஆசைப்பட்டு 1926ல எஸ்பெராண்டோங்கற, எல்லா நாட்டுக்காரங்களுக்கும் பொதுவா உருவாக்கின மொழியில எழுதினார், ஆனா வெளியில ரொம்பப் பேர் கண்டுக்கல, எனக்கு இப்பவும் அது மனசு கஷ்டமா இருக்கும்.

கேள்வி: அப்ப அந்த 10 மணி நேரமும் வானத்துலயேவா?

பதில்: இல்லங்க. கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அந்தப் பக்கம் கேட்ல நிக்கற வரைக்கும் கணக்கு. ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல காத்திருக்கறது எல்லாம் இதுக்குள்ளயே வந்துடும்.