ஜெயித்தும் தோற்ற ஹன்னிபால்: கேள்வி பதில்

ரோமும் வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜும் மோதிய இரண்டாம் பியூனிக் போர் (கி.மு. 218–201), அதில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: ஐயா, கன்னேயில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்றும் ஹன்னிபால் ஏன் நேரே ரோமுக்குப் போகவில்லை?

பதில்: கி.மு. 216 ஆகஸ்டில், தென் இத்தாலியின் கன்னேயில், ஒரே பகலில், ரோமப் படையில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள். ‘வெல்லத் தெரிந்த உனக்கு வெற்றியைப் பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று குதிரைப்படைத் தலைவன் மகர்பால் கடிந்துகொண்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். நான் ஹன்னிபால் பக்கம். களைத்த படை, ரோமோ மதில் சூழ்ந்த ஊர், முற்றுகையில் மாதக்கணக்காக உட்கார்ந்தால் சோற்றுக்கு எங்கே போவது? ரோமின் கூட்டாளிகள் கழன்றுகொள்வார்கள் என்று போட்ட கணக்கில்தான் கோட்டைவிட்டார். இத்தாலியின் பெரிய ஊரான கப்புவா அவர் பக்கம் வந்தது, ரோமைச் சார்ந்த லத்தீன் ஊர்கள் அசையவில்லை.

கேள்வி: சார், தோற்ற ரோமத் தளபதியை என்ன செய்தார்கள்? எங்கள் ஆபீஸில் ஒன்று சொதப்பினால் முதலில் ஆளைத்தான் தேடுவார்கள்.

பதில்: அன்று படையை நடத்திய வர்ரோ, சொற்பக் குதிரைவீரர்களோடு தப்பி, சிதறியவர்களைத் திரட்டிவிட்டு ஊர் திரும்பினார். மக்கள் திரண்டு போய் எதிர்கொண்டார்கள். ‘குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காததற்கு நன்றி’ என்றார்கள். கார்த்தேஜில் என்றால் சிலுவையே கிடைத்திருக்கலாம்.

அதோடு நிறுத்தினால் கதை அழகாகத்தான் இருக்கும். ஆனால் உயிர் பிழைத்த சிப்பாய்களை, போர் முடியும்வரை ஊர் திரும்பக்கூடாது என்று சிசிலிக்கு விரட்டினார்கள். தலைவருக்கு நன்றி, சிப்பாய்க்குத் தண்டனை. உங்கள் ஆபீஸுக்கு இது புதிதா என்ன? பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே கிடந்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப்போனவர் ரோமத் தளபதி சிபியோ. அவரும் கன்னேயில் பிழைத்தவர்தான். கி.மு. 202-இல் வட ஆப்பிரிக்காவின் ஸாமாவில் ஹன்னிபாலை வென்ற படையில் அந்தப் பழைய சிப்பாய்களும் இருந்தார்கள்.

கேள்வி: ஸாமாவில் ஹன்னிபாலின் யானைகளை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: அணிகளுக்கு நடுவே சந்து விட்டார்கள். பல யானைகள் அதன் வழியே ஓடிவிட்டன.

கேள்வி: தோற்ற பிறகு ஹன்னிபால் என்ன ஆனார், அண்ணா?

பதில்: கணக்குப் புத்தகத்தை எடுத்தார்! கார்த்தேஜ் ரோமுக்கு 50 வருஷத்தில் 10,000 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளி அபராதம் கட்ட வேண்டும். கி.மு. 196 வாக்கில் ஆட்சித் தலைவரானவர், வரி வசூலில் சுரண்டியவர்களைப் பிடித்தார். அந்தப் பணத்தை மீட்காமல் மக்கள் மேல் புதுவரி வேண்டாம் என்றார். வருமானம் போனவர்கள் ரோமுக்குக் கோள்மூட்ட, அடுத்த வருஷமே ஊரைவிட்டு ஓடினார். கி.மு. 191-இல் மீதி மொத்தத்தையும் ஒரே தவணையில் கட்டிவிடுகிறோம் என்று கார்த்தேஜ் சொன்னபோது அவர் அந்நிய அரசன் நிழலில் இருந்தார். ரோம் அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டது.