எச்-இண்டெக்ஸ் 46-ஆ, 17-ஆ? யாரிடம் பிஎச்.டி. சேர்வது?

கேள்வி: எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். மூளை நரம்பியலில் பிஎச்.டி. சேர இரண்டு பேராசிரியர்கள் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 46, இன்னொருவருக்கு 17. ‘46 இருக்கும்போது எதற்கு யோசனை?’ என்கிறார்கள் வீட்டில். இந்த எண்ணை நம்பி முடிவெடுக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும்.

ஒரு கட்டுரையைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் ஆதாரமாகக் குறிப்பிடுவதுதான் மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். 90, 41, 22, 9, 6, 5, 2 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5தான், ஆறு வரவில்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. சான் டியேகோவில் இருந்த ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு இது. நரம்பியலுக்கென்று செய்ததல்ல.

இதில் முதல் கட்டுரைக்கு 90-க்குப் பதில் 9,000 மேற்கோள் இருந்தாலும் விடை அதே 5தான். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் எழுதிய கட்டுரைகள்தான் இன்றைய கணினி நரம்பியலுக்கு அடித்தளம். 1963-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1952-ல் அவர்கள் சேர்ந்து எழுதிய முதன்மையான கட்டுரையை மட்டும் ஒருவர் எழுதியிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 1!

இன்னொன்று, இந்த எண் ஏறும், சாதாரணமாக இறங்காது. 46 வைத்திருப்பவர் முப்பது வருடமாக எழுதுபவராகவும், 17 வைத்திருப்பவர் லேப் தொடங்கி ஆறே வருடம் ஆனவராகவும் இருக்கலாம். முதல் கட்டுரை வந்த ஆண்டைப் பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் வைப்பது சரியில்லை. உட்பிரிவும் முக்கியம். எலியைப் பழக்கி, மூளையில் மின்முனை வைத்து ஒவ்வொரு நரம்பணுவாகப் பதிவு செய்பவருக்கு ஒரு கட்டுரைக்கே பல வருடம் ஆகும். பல நாடுகளின் மூளை ஸ்கேன்களை ஒன்றுசேர்க்கும் எனிக்மா போன்ற கூட்டு முயற்சிகளில் ஒரே கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பெயர் வருவதுண்டு. மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். புதுச் சோதனை எதுவும் செய்யாத ரெவ்யூ கட்டுரைகளும் மேற்கோளை அள்ளும்.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஒவ்வொரு பேராசிரியருடைய ஸ்காலர் பக்கத்தையும் திறந்து, ‘ஆண்டு’ என்ற தலைப்பைத் தட்டிப் புதியவை மேலே வரும்படி மாற்றுங்கள். கடந்த ஐந்து வருடக் கட்டுரைகள் போதும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் சாம்பல் நிறத்தில் பெயர்கள் இருக்கும். பட்டியல் நீளமானால் மூன்று புள்ளிகளோடு அறுந்துவிடும், அப்போது தலைப்பைத் தட்டி முழுசாகப் பாருங்கள். நம் துறை வழக்கப்படி, சோதனையைக் கையால் செய்தவர் பெயர் முதலில் வரும், லேப் தலைவர் பெயர் கடைசியில் வரும். உங்கள் பேராசிரியர் கடைசிப் பெயராக எத்தனையில் இருக்கிறார்? அவற்றில் முதல் பெயர்கள் யார், அவருடைய மாணவர்களா? நடுவில் பத்தோடு பதினொன்றாக மட்டுமே வருகிறார் என்றால் அந்த 46-ஆல் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. என்னைக் கேட்டால், நீங்கள் எண்ண வேண்டியது அந்த மாணவர்களின் பெயர் முதலில் வரும் கட்டுரைகளைத்தான்.

அப்புறம், பெயர்க் குழப்பம். இனிஷியலோடு எழுதும் நம் பெயர்களுக்கு இது பெரிய தொல்லை. ‘எஸ். குமார்’ என்றால் எத்தனையோ பேர்! ஸ்காலர் தானாகவே பிறர் கட்டுரைகளையும் சேர்த்துவிடும். உரியவர் நீக்காவிட்டால் எண் வீங்கும். மூளை ஆய்வாளர் பக்கத்தில் சிமெண்ட் கலவை பற்றிய கட்டுரை கிடந்தால் உஷாராகுங்கள். ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் அவருக்கு இருந்தால் அதன் பக்கத்தில் உள்ள கட்டுரைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஸ்காலரில் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரைகள்) தரும் மேற்கோளும் சேருவதால், மேற்கோள்களைக் கணக்கிடும் இன்னொரு தளமான ஸ்கோபஸில் பார்த்தால் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இருவரையும் ஒரே தளத்தில் பாருங்கள்.

மேற்கோள் அதிகம் என்பதால் ஆய்வு சரி என்றும் ஆகாது. அல்சைமர் நோய் பற்றி 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை 2,000-க்கும் மேல் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை 2022-ல் சயன்ஸ் இதழ் விரிவாக வெளியிட்டது. 2024-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி உழைத்த மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் உங்கள் இரண்டு பேராசிரியர்களின் முக்கியக் கட்டுரைகளைத் தேடுங்கள். திரும்பப் பெற்றவை என்றால் அங்கேயே குறிப்பு இருக்கும்.

கடைசியாக, இரண்டு லேப்களிலும் பிஎச்.டி. முடித்த இரண்டிரண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சேர்ந்து எத்தனை வருடத்தில் முதல் கட்டுரை வந்தது, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு வீட்டில் பேசுங்கள்.