மலையில் வெயில் உண்டே, அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஏன் வைட்டமின் டி குறைகிறது?

சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவும் சத்துதான் வைட்டமின் டி. அது ரொம்பவும் குறைந்தால் எலும்பு வலுவிழந்து, வளரும் பிள்ளையின் கால் வளையலாம். ரிக்கெட்ஸ் என்பது இதைத்தான்.

தோலில் புற ஊதாக் கதிர் பட்டால் உடம்பே இதைத் தயாரித்துக்கொள்ளும். 1000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடத்தான் செய்கிறது. அப்புறம் ஏன் குறைபாடு? கதிர் வானத்தில் இருந்து என்ன, தோலுக்கு வர வேண்டுமே! லடாக், திபெத் போன்ற இடங்களில் குளிருக்காகப் பிள்ளையைப் பொதிந்து வைக்கிறார்கள். நம் நெல்லை மலையில் இருக்கும் மாஞ்சோலை, நாலுமுக்கு பக்கம் அவ்வளவு உயரமில்லை. ஆனால் மழையும் மேகமும் பிடித்தால் விடாது, பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வீட்டுக்குள்தான்.

வத்தல் போடுவதை நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டை மொட்டைமாடியில் வெயில் கொளுத்தினாலும், போர்வையால் மூடிய வத்தல் காயுமா? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் இதே கதைதான். வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

விடிகாலை இளவெயிலில்தான் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அப்போது இந்தக் கதிர் மிகக் குறைவு, 10, 11 மணிக்கு மேல் கைகாலில் கொஞ்ச நேரம் படும் வெயிலே வேலை செய்யும்.