அவர் 80 போடுகிறார், நான் 45!

கேள்வி: எனக்கு 26 வயது, எடை 60 கிலோ. ஐந்து மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய ராடை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) 45 கிலோவிலேயே நிற்கிறது. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒருவர் 80 போடுகிறார். போன மாதம் ரோஷத்தில் 60 ஏற்றியதில் தோள் பிடித்துக்கொண்டது. இப்போது அவர் கண்ணில் படாமல் இருக்க, ஆளில்லாத மதியம் இரண்டு மணிக்குப் போகிறேன். இந்தத் தாழ்வு மனப்பான்மை எப்படிப் போகும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மதியம் இரண்டு மணிக்கா, அதுவும் ஈரோட்டு வெயிலில்? உங்கள் அவஸ்தை அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது தம்பி.

"அடுத்தவரைப் பார்க்காதே" என்று நான் சொல்லப் போவதில்லை. சுற்றிலும் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் இடத்தில் அது யாராலும் ஆகாது. ஆனால் ஒப்பிடுவதை ஒழுங்காக ஒப்பிட வேண்டாமா?

உங்கள் எடையை எழுதியிருக்கிறீர்கள், அவர் எடையை எழுதவில்லை. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அது 77 கிலோ பிரிவு. அதே போட்டியின் கனத்த பிரிவுகளில் அவரைவிட அதிகம் தூக்கியவர்கள் உண்டு. அவர்களிடம் சதீஷ் தோற்றுவிட்டார் என்று யாராவது சொன்னார்களா? உங்கள் 45 உங்கள் உடம்பில் முக்கால் பங்கு. ஐந்து மாதத்துக்கு இது குறைச்சலே இல்லை.

"பின்னால் சேர்ந்தவர்" என்கிறீர்கள். இந்த ஜிம்மில் பின்னால் சேர்ந்திருப்பார். அதற்கு முன் எங்கே, எத்தனை வருடம் செய்தாரோ? ஒருமுறை பழகிய தசை, நடுவில் விட்டுப்போனாலும் சீக்கிரமே பழைய பலத்துக்கு வந்துவிடும். கை நீளமும் ஒரு விஷயம். நீளக் கைக்காரருக்கு மார்பிலிருந்து ராடு மேலே போக வேண்டிய தூரம் அதிகம். தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் அதே கை அவருக்குக் கைகொடுக்கும்.

அந்த 80 என்ற எண்ணையே முதலில் சந்தேகப்படுங்கள். ஒலிம்பிக் ராடு 20 கிலோ. எல்லா ராடும் அந்த எடை இருக்காது. சிலர் ராடைச் சேர்த்துக் கணக்குச் சொல்வார்கள், சிலர் பிளேட்டை மட்டும் எண்ணுவார்கள். சில பிளேட்டில் பவுண்டு போட்டிருக்கும். நானே ஒரு காலத்தில் "40 கிலோ டம்பெல்" என்று வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தவன்தான். அது 40 பவுண்டாம், 18 கிலோ! என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு கழித்த பிறகும் அவர் உங்களைவிட பலசாலியாகவே இருக்கலாம். இருக்கட்டுமே. எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் இரண்டு மணி. ஆளில்லாத ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் செய்யவே கூடாது. கடைசி ரெப்பில், அதாவது கடைசித் தடவை தூக்கும்போது, கை நின்றுபோனால் ராடு மார்பில் உட்காரும், இல்லை கழுத்துக்கு உருளும். தூக்கிவிட யார் வருவார்? கூச்சத்துக்காக எடுக்கிற ஆபத்தா இது? பழையபடி மாலையில் போங்கள். அவரிடமே, "அண்ணா, இந்த செட்டுக்குக் கொஞ்சம் பின்னால நிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். ஜிம்மில் இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் அபூர்வம். இரண்டு வாரம் பேசிப் பழகினால் அவர் எத்தனை வருடமாகச் செய்கிறார் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

தோளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதோ, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதோ வலித்தால், எலும்பு மருத்துவரைப் பார்க்கும்வரை பெஞ்ச் பக்கமே போக வேண்டாம். அவர் சரி என்ற பிறகு, குறைந்த எடையில் தொடங்கி 40க்கு வாருங்கள். மூன்று செட்டிலும் எட்டெட்டு ரெப் ஆட்டமில்லாமல் வந்தால், பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றுங்கள். உங்கள் ஜிம்மில் அந்தக் குட்டி பிளேட் இல்லையென்றால், ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.